எண்ணப்பட்ட உடல்கள்: மணப்பாட்டுத் திமிங்கலங்களும் ‘தற்கொலை’ என்னும் சொல்லாடலும்

1

விளாத்திகுளம் என்றதும் கரிசலும் பருத்தியும் வேலிக்கருவையும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தத் தாலுகாவுக்கு ஒரு கடல் இருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்கே பல சமயம் மறந்துபோகிறது. ஊரைத் தொட்டு ஓடும் வைப்பாறு சிப்பிகுளம் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. வேம்பாரும் இதே தாலுகாதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒரு தொகுதிக்கு வேம்பார்த் தொகுதி என்றே பெயர். ஆனாலும் ‘கரிசல் இலக்கியம்’ என்று நாம் கட்டமைத்த வரைபடம் உப்பளத்தோடு நின்றுவிடுகிறது. கடலை நெய்தலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் நிலத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். அந்தப் பக்கம் என்ன ஒதுங்கினாலும் அது நம் வரலாறு இல்லை, அம்புட்டுதான்.

இதே வளைகுடாவின் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டிய மணப்பாட்டில், அப்படி இரண்டு முறை ஒதுங்கியது. 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அவற்றை எண்ணிப் பதிவுசெய்தார்கள். 43 ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 11 தொடங்கி, ஆலந்தலைக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் 80-க்கும் மேல். அதே இனம், அதே மாதம். மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விடப்பட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. சுமார் 45 செத்தன. குழி தோண்டிப் புதைத்தார்கள்.

‘கூட்டத் தற்கொலை’ என்ற சொல் உடனே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நமது கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியது.

2

நம் பழைய சொல்லாடலில் திமிங்கிலம் ஒரு வாய், வேறொன்றுமில்லை. ‘திமி’ என்பது பெருமீன்; அதை விழுங்குவது திமிங்கிலம்; அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். பெயரிலேயே விழுங்கல்தான் இருக்கிறது. கிறிஸ்தவக் கரைக்கு வந்த யோனா கதையிலும் பெரிய மீன் விழுங்கத்தான் வருகிறது. நவீன அறிவியல் வந்தபோது வாய் போய் எண் வந்தது: இத்தனை உடல், இன்ன நீளம், ஆண் இத்தனை, பெண் இத்தனை. வாய்க்கும் எண்ணுக்கும் நடுவே விடுபட்டுப் போனது ஒன்று உண்டு. அது உறவு.

பைலட் திமிங்கலம் தாய்வழிக் கூட்டமாக வாழ்கிற பிராணி. பெரும்பாலும் கணவாயைத் தின்னும். அதற்காக நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் முங்கும். இருட்டில் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி அறியும். இதன் நெருங்கிய உறவினமான நீள்துடுப்புப் பைலட் திமிங்கலத்தின் மரபணுக்களை 1993-இல் ஆராய்ந்தபோது தெரியவந்த விஷயம்: மகளும் மகனும் தாயின் கூட்டத்தைவிட்டுப் பிரிவதில்லை, ஆண் பிற கூட்டங்களைச் சந்திக்கும்போது இணைசேர்ந்துவிட்டுத் தாயிடமே திரும்பிவிடுகிறது. நம் கரையில் ஒதுங்கிய குறுந்துடுப்பு இனத்தைப் பற்றி கசுயாவும் மார்ஷும் 1984-இல் எழுதினார்கள். பெண் திமிங்கலத்துக்கு நாற்பது வயதுக்குள் சூல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் உயிரோடிருப்பவை உண்டு. கிழவிகள் நிறைந்த கூட்டம். மனிதர்களை விட்டால் மாதவிடாய் நிற்பதைப் போன்ற இந்த நிலை மிகச் சில பிராணிகளிடம்தான் காணப்பட்டிருக்கிறது. கூட்டத்தின் ஞாபகம் இந்தக் கிழவிகளிடம் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1993 ஆய்வுக்கு உடல்களைத் தந்தது பரோ தீவுகளின் வேட்டை. 1984 ஆய்வுக்குத் தந்தது ஜப்பானிய வேட்டை. குடும்பம் குடும்பமாக அடித்துக் கொன்ற பிறகுதான் அது குடும்பம் என்று நமக்குத் தெரியவந்தது. அறிவு பிணத்தின் வழியாகவே வந்திருக்கிறது. மணப்பாட்டுக் கணக்கெடுப்பையும் இந்த வரிசையில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

3

இழுத்துவிட்டவை ஏன் திரும்பி வந்தன? உறவை வைத்துப் பார்த்தால் பதில் ரொம்பச் சாதாரணம். தாயோ பேத்தியோ மணலில் கிடந்து குரல் கொடுக்கும்போது, விடுபட்டது எங்கே போகும்? சரிவு குறைந்த மணல்கரையில் எதிரொலி சரியாகக் கிடைக்காது என்கிறார்கள். ஒன்று மாட்டினால் மற்றவை விட்டுப் போவதில்லை. தண்ணீரின் தாங்கல் இல்லாத கரையில் சொந்த எடையே நெஞ்சை அமுக்குகிறது. ஆழத்துக் குளிரைத் தாங்குவதற்கான கொழுப்பு வெயிலில் உடம்பை வேகவைக்கிறது. சாவு அப்படித்தான் வருகிறது. இதில் சாவதற்கான விருப்பம் எங்கே இருக்கிறது?

தற்கொலை என்பது தனிமனிதனை முன்வைத்து உருவான கருத்தாக்கம். தனியாக முடிவெடுக்கிற ‘தான்’ அதற்கு வேண்டும். அந்தத் ‘தான்’ இல்லாத, கூட்டமாகவே இருக்கிற ஓர் உயிரின் மேல் இந்தச் சொல்லைப் போர்த்துவது வெறும் அறியாமை அல்ல, வசதியும்கூட. தற்கொலை என்று எழுதிவிட்டால் விசாரணை முடிந்தது, ஏனென்றால் செத்தவனே குற்றவாளி. பூச்சிமருந்தைக் குடித்துச் செத்த சம்சாரிக்கு ‘வயிற்றுவலி’ என்று எழுதிக் கோப்பை மூடுகிற வழக்கம் கரிசல்காட்டுக்குத் தெரியாததா? கடன், மழை, கமிஷன் மண்டி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் காணாமல் போய்விடும். 2016-இல் ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. அதனாலேயே கேள்வி திறந்தே கிடக்க வேண்டும். நோயா, நீரோட்டமா, கடலுக்கடியில் நாம் எழுப்பும் இரைச்சலா? கப்பல் எந்திரங்களும் எண்ணெய் தேடும் வெடிச்சத்தமும் காதால் வாழ்கிற பிராணிக்கு என்ன செய்யும் என்பது உலகெங்கும் கேட்கப்படுகிற கேள்வி. ‘தற்கொலை’ அந்தக் கேள்வியை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. 147 என்ற எண் இருக்கிறது. 45 என்ற எண் இருக்கிறது. இழுத்த கைகளின் பிரதி எங்கே? எந்தக் கயிற்றைக் கட்டினார்கள், எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள், திரும்பி வந்ததைப் பார்த்ததும் என்ன பேசிக்கொண்டார்கள்? 1973-ஐப் பார்த்த கண்கள் 2016-ஐ எப்படிப் பார்த்தன? வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலுக்குக் களமாயிருந்த ஊர் அது. நாவலுக்குள் வரத்தெரிந்த ஊர் வரலாற்றுக்குள் வரும்போது மட்டும் ஏன் பெயரில்லாத ‘மீனவர்கள்’ ஆகிவிடுகிறது?

1973-ஐப் பார்த்தவர்கள் இப்போது கிழவர்கள், கிழவிகள். ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். வைப்பாறு போகிற திசையில் நாமும் கொஞ்சம் நடந்தால் என்ன?