பொரித்த கோழி, வெதுப்பிய ரொட்டி: ஊட்டச்சத்து ஒப்பீடு

பொரித்த கோழி என்பது மாவுக்கரைசலில் தோய்த்தோ உலர்ந்த மாவில் புரட்டியோ எடுத்த கோழித் துண்டுகளைச் சூடான எண்ணெயில் அமிழ்த்திச் சமைக்கப்படும் உணவாகும். வெதுப்பிய ரொட்டி என்பது கோதுமை மாவு, நீர், உப்பு, நொதியம் (ஈஸ்ட்) ஆகியவற்றைப் பிசைந்து, புளித்துப் பொங்கச் செய்து, வெதுப்படுப்பின் உலர்வெப்பத்தில் சமைக்கப்படும் உணவாகும். முன்னது கொழுப்பு மிகுந்தது எனவும் பின்னது இலேசானது எனவும் பரவலாகக் கருதப்படுகின்றன. ஆயினும் எடைக்கு எடை நோக்கினால் இவை இரண்டும் தரும் ஆற்றல் ஏறத்தாழச் சமமாகும். 100 கிராம் பொரித்த கோழி சுமார் 289 கிலோகலோரியும், 100 கிராம் வெள்ளை ரொட்டி சுமார் 265 கிலோகலோரியும் தருகின்றன. அந்த ஆற்றல் எதிலிருந்து வருகிறது, அதனுடன் வேறு என்னென்ன சேர்ந்து வருகின்றன என்பதிலேயே இவற்றின் வேறுபாடு அடங்கியுள்ளது.

பெயர்கள்

தமிழகத்தில் ரொட்டி என்னும் சொல் கல்லில் சுடும் தட்டையான ரொட்டியையும் குறிக்கும் என்பதால், வெதுப்பிய ரொட்டியைப் பேச்சுவழக்கில் பிரெட் என்பர். இலங்கைத் தமிழர் இதனைப் பாண் என அழைக்கின்றனர். இச்சொல் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்ததாகும். வெதுப்பி என்னும் புதுச்சொல்லும் எழுத்துவழக்கில் உண்டு. இக்கட்டுரையில் ரொட்டி என்பது வெதுப்படுப்பில் செய்த, புளிக்கவைத்த கோதுமை ரொட்டியை மட்டுமே குறிக்கும்.

ஒப்பீட்டின் அடிப்படை

இரு உணவுகளை ஒப்பிட ஒரே அலகு தேவை. கீழுள்ள மதிப்புகள் உண்ணத்தக்க பகுதியின் 100 கிராமுக்கானவை. கோழியில் எலும்பு நீக்கப்பட்டது, தோல் நீக்கப்படவில்லை. இவை அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுத்தளத்தில் மாவுக்கரைசலில் தோய்த்துப் பொரித்த கோழிக்கும், கடைகளில் விற்கும் வெள்ளை ரொட்டிக்கும் தரப்பட்ட மதிப்புகளை ஒட்டியவை. செய்முறைக்கு ஏற்ப இவை மாறும்.

பொருள் – பொரித்த கோழி – வெள்ளை ரொட்டி
ஆற்றல் – 289 கிலோகலோரி – 265 கிலோகலோரி
நீர் – 49 கிராம் – 36 கிராம்
புரதம் – 22.5 கிராம் – 9 கிராம்
கொழுப்பு – 17.4 கிராம் – 3.2 கிராம்
மாவுச்சத்தும் சர்க்கரையும் – 9.4 கிராம் – 49 கிராம்
நார்ச்சத்து – மிகக் குறைவு – 2.7 கிராம்
கொலசுட்டிரால் – 87 மில்லிகிராம் – இல்லை
சோடியம் – 292 மில்லிகிராம் – 490 மில்லிகிராம்

ஆற்றல்

உணவின் ஆற்றலைக் கணக்கிட அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த காரணிகள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றின்படி ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் தலா 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் தரும். மேலே உள்ள எண்களை இக்காரணிகளால் பெருக்கினால், கோழியின் ஆற்றலில் பாதிக்கும் மேல், அதாவது சுமார் 55 விழுக்காடு, கொழுப்பிலிருந்து வருவது தெரியும். ரொட்டியில் கொழுப்பின் பங்கு சுமார் 11 விழுக்காடே. நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது.

இவ்வளவு கொழுப்பிருந்தும் கோழியின் மொத்த ஆற்றல் ரொட்டியை மிக விஞ்சாமல் இருப்பதற்குக் காரணம் நீராகும். பொரித்த பின்னும் கோழியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. நீருக்கு ஆற்றல் இல்லை. ரொட்டியோ தொடுவதற்கு மென்மையாக இருப்பினும் நீர் குறைந்த உணவு. அதன் பருமனில் பெரும்பகுதி நொதியம் உண்டாக்கிய வளிக்குமிழ்கள் என்பதால் கையில் இலேசாகத் தோன்றுகிறது. காய்ச்சல் கண்டவருக்கு ரொட்டி கொடுக்கும் தமிழக வழக்கத்துக்கு இத்தோற்றமும் ஒரு காரணமாயிருக்கலாம். எளிதில் செரிப்பது என்பது உண்மையே. ஆனால் எளிதில் செரிப்பதும் ஆற்றல் குறைந்திருப்பதும் ஒன்றல்ல.

சமைக்கும் முறையின் விளைவு

பொரிக்கும் எண்ணெயின் வெப்பநிலை பொதுவாக 160 முதல் 180 பாகை செல்சியசு வரை இருக்கும். துண்டு எண்ணெயில் விழுந்தவுடன் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகி வேகமாக வெளியேறுகிறது. எண்ணெயில் எழும் குமிழ்கள் இந்த நீராவியே. ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். துண்டை வெளியே எடுத்து ஆறவைக்கும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய் உள்ளிழுக்கப்படுகிறது. உறிஞ்சப்படும் எண்ணெயில் பெரும்பகுதி இவ்வாறு பின்னரே சேர்கிறது. ஆகவே எடுத்த உடனே, சூடு ஆறுமுன் எண்ணெயை வடித்தல் பயன் தரும்.

வெதுப்படுப்பின் வெப்பநிலை 200 பாகையைத் தாண்டினாலும் ரொட்டியின் உட்பகுதி 100 பாகையை எட்டுவதில்லை. அங்குள்ள நீர் அதனைத் தடுக்கிறது. வெளியிலிருந்து கொழுப்பு எதுவும் சேர்வதில்லை. ரொட்டியிலுள்ள சிறிதளவு கொழுப்பு மாவிலும் பிசையும்போது சேர்த்த எண்ணெயிலும் இருந்து வருவதாகும்.

கொழுப்பு

பொரித்த கோழியின் கொழுப்பு முழுவதும் எண்ணெயிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். எண்கள் வேறு விதமாகக் கூறுகின்றன. எண்ணெய் இல்லாமல் தோலுடன் வாட்டிய கோழியிலேயே 100 கிராமில் சுமார் 13.6 கிராம் கொழுப்பு உண்டு. மாவில் மட்டும் புரட்டிப் பொரித்தால் இது 14.9 கிராம், மாவுக்கரைசலில் தோய்த்துப் பொரித்தால் 17.4 கிராம். அதாவது பொரிப்பதால் கூடுவது ஒன்று முதல் நான்கு கிராம் வரையே. பொரித்த கோழியில் தோலையும் மேலோட்டையும் நீக்கி இறைச்சியை மட்டும் எடுத்தால் கொழுப்பு 9.1 கிராமாகக் குறைந்து, புரதம் 30 கிராமைத் தாண்டுகிறது. நெஞ்சுப் பகுதி இறைச்சி மட்டுமெனில் கொழுப்பு 4.7 கிராமே. எனவே கொழுப்பைக் குறைக்க விரும்புபவருக்கு எண்ணெயைவிடத் தோலே முதல் கேள்வியாகும்.

எவ்வெண்ணெயில் பொரிக்கப்படுகிறது என்பதும் முக்கியமானது. பகுதி ஐதரசனேற்றம் செய்த எண்ணெய்களில் (வனசுபதி இவ்வகையைச் சேர்ந்தது) உண்டாகும் மாறுபக்கக் கொழுப்பு, அதாவது டிரான்சு கொழுப்பு, இதயநோய் இடரை உயர்த்துவதாகும். இதற்கு 2003 இல் டென்மார்க் முதன்முதலில் சட்ட வரம்பு விதித்தது. இந்தியாவில் எண்ணெய்கள், கொழுப்புகளில் இதன் அளவு 2022 சனவரி முதல் 2 விழுக்காடாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இக்கொழுப்பு பொரித்த உணவுகளுக்கு மட்டும் உரியதன்று. வெதுப்பகங்களில் பயன்பட்ட மார்கரின் வழியாக இனிப்பு ரொட்டிகளிலும் கேக்குகளிலும் இருந்து வந்தது.

புரதம்

அளவில் கோழி ரொட்டியைப்போல் இரண்டரை மடங்கு புரதம் கொண்டது. தரத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மனித உடல் தானே உருவாக்க இயலாத இன்றியமையா அமினோ அமிலங்களுள் லைசின் ஒன்று. கோதுமையின் குளூட்டன் புரதத்தில் இது மிகவும் குறைவு. 100 கிராம் வெள்ளை ரொட்டியில் சுமார் 0.2 கிராம் லைசினே உள்ளது; அதே அளவு பொரித்த கோழியில் 1.7 கிராமுக்கும் மேல் உள்ளது. உலக சுகாதார அமைப்பு முதலியன 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி வயது வந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 1.8 கிராம். ஏறத்தாழ 100 கிராம் கோழி இதனை நிறைவு செய்யும். ரொட்டியிலிருந்து மட்டும் பெற வேண்டுமெனில் 900 கிராம் உண்ண வேண்டும். இலங்கை வழக்கில் சொன்னால், இரண்டு இறாத்தல் பாண்.

ரொட்டியையே பெரிதும் நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இக்குறை பொருட்படுத்தத்தக்கது. ஆனால் அதனை நிரப்பக் கோழிதான் வேண்டும் என்பதில்லை. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. அவற்றில் குறைவாயுள்ள மெத்தியோனினைக் கோதுமை ஓரளவு ஈடுசெய்கிறது. இலங்கையில் பாணுடன் பருப்புக்கறி உண்ணும் வழக்கம் இவ்வகையில் சிறப்பான சேர்க்கையாகும்.

மாவுச்சத்தும் நார்ச்சத்தும்

ரொட்டியின் மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோசாகிறது. குளுக்கோசை 100 எனக் கொள்ளும் சர்க்கரை உயர்த்தல் குறியீட்டில் வெள்ளை ரொட்டி சுமார் 75 ஐப் பெறுகிறது. கோழியில் மாவுச்சத்து மேலோட்டில் மட்டுமே உள்ளதால் இரத்தச் சர்க்கரையை உடனே அவ்வளவு உயர்த்தாது. எனவே நீரிழிவுள்ளவர் சோற்றைத் தவிர்த்து வெள்ளை ரொட்டிக்கு மாறுவதால் பெரும் பயன் இல்லை.

முழுக்கோதுமை ரொட்டியில் ஆற்றல் பெரிதும் குறையாவிட்டாலும் நார்ச்சத்து 6 முதல் 7 கிராம் வரை உயர்கிறது. புரதமும் 12 கிராமை எட்டுகிறது. நார்ச்சத்தில் கோழியால் ரொட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது. நிறத்தை மட்டும் பார்த்து முழுக்கோதுமை ரொட்டி என முடிவு செய்யலாகாது. காரமெல் நிறமி சேர்த்த மைதா ரொட்டியும் பழுப்பாகவே இருக்கும். உறையிலுள்ள உட்பொருள் பட்டியலில் முதலில் இருப்பது எந்த மாவு என்று பார்த்தல் வேண்டும்.

உப்பு

இவ்வொப்பீட்டில் பலரும் எதிர்பாராதது இதுவே. ரொட்டி உவர்ப்பாகத் தோன்றுவதில்லை. எனினும் 100 கிராம் ரொட்டியில் சுமார் 490 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒன்றேகால் கிராம் உப்பு உள்ளது. மாவில் புரட்டி வீட்டில் பொரித்த கோழியில் உப்பு அதிகம் சேர்க்காவிட்டால் சோடியம் 100 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கலாம். விரைவுணவகக் கோழி வேறு; அது உப்பு நீரிலும் மசாலாவிலும் ஊறவைக்கப்படுவதால் சோடியம் பெரும்பாலும் ரொட்டியின் அளவை எட்டும் அல்லது விஞ்சும்.

உலக சுகாதார அமைப்பு வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தையே பரிந்துரைக்கிறது. நான்கு துண்டு ரொட்டி உண்பவர் அதில் கால் பங்கை அதிலேயே பெற்றுவிடுகிறார். தினமும் உண்ணும் உணவு என்பதால் உப்பைக் குறைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் ரொட்டியிலிருந்தே தொடங்கின. தென்னாப்பிரிக்காவில் 2013 இல் வெளியான விதிகளின்படி ரொட்டியில் சோடியம் 2016 சூன் முதல் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் எனவும், 2019 சூன் முதல் 380 மில்லிகிராம் எனவும் வரையறுக்கப்பட்டது.

உயிர்ச்சத்துகளும் கனிமங்களும்

கோழியில் நியாசின் மிகுதி (100 கிராமில் சுமார் 7 மில்லிகிராம்). தாவர உணவுகளில் கிடைக்காத உயிர்ச்சத்து பி12 சிறிதளவு உண்டு, ரொட்டியில் இல்லை. உயிர்ச்சத்து சி இரண்டிலும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை.

மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்படுவதால் தயமின், இரும்பு முதலியன பெரிதும் இழக்கப்படுகின்றன. இவ்விழப்பைச் சரிசெய்ய அமெரிக்காவில் 1941 இல் செறிவூட்டிய மாவுக்கான தரம் வகுக்கப்பட்டது. 1998 முதல் அவ்வகை மாவில் போலிக் அமிலமும் கட்டாயமாக்கப்பட்டது. குழந்தைகளின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆத்திரேலியாவில் 2009 முதல் ரொட்டி மாவில் போலிக் அமிலமும், ரொட்டியில் அயோடின் கலந்த உப்பும் கட்டாயமாயின. ஆகவே ஒரு நாட்டு ரொட்டியின் உயிர்ச்சத்து அளவை மற்றொரு நாட்டு ரொட்டிக்கு அப்படியே கொள்ள முடியாது.

முழுக்கோதுமையில் இரும்பு அதிகமிருந்தாலும் அதிலுள்ள பைட்டேட் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. நெடுநேரம் புளிக்கவைக்கும்போது பைட்டேட்டின் ஒரு பகுதி சிதைகிறது. கோழியின் இரும்பில் ஒரு பகுதி ஈம் வடிவில் இருப்பதால் எளிதில் உறிஞ்சப்படுகிறது. இறைச்சியுடன் உண்ணும்போது ரொட்டியின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

வெப்பத்தால் உண்டாகும் பொருட்கள்

ரொட்டியின் மேலோடும் கோழியின் மேலோடும் பொன்னிறமாவது ஒரே வேதிவினையால்தான். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் இணையும் இவ்வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912 இல் விவரித்தார். மணமும் சுவையும் இதன் பயன். லைசினில் ஒரு பகுதி அழிவது இதன் விலை.

இதே வினையின் ஒரு கிளையில், 120 பாகைக்கு மேல், அசுபராசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அக்கிரைலமைடு உண்டாவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002 இல் அறிவித்தனர். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என 1994 இலேயே வகைப்படுத்தப்பட்டிருந்தது. தானியத்திலும் கிழங்கிலும் இது எளிதில் உண்டாகும், இறைச்சியில் குறைவு. பொரித்த கோழியில் இது முக்கியமாக மாவு மேலோட்டிலேயே தோன்றுகிறது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியில் மென்மையான கோதுமை ரொட்டிக்கு ஒரு கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமும், பொரித்த உருளைக்கிழங்கு விரல்களுக்கு 500 மைக்ரோகிராமும் ஒப்பளவுகளாகக் குறிக்கப்பட்டன. ரொட்டியைக் கருகும் வரை வாட்டாமல் இருப்பது எளிய தற்காப்பு.

பொட்டாசியம் புரோமேட்டு வெப்பத்தால் உண்டாவதன்று; மாவில் சேர்க்கப்பட்டு வந்த வேதிப்பொருள். இந்தியாவில் ரொட்டி மாதிரிகளில் இது கண்டறியப்பட்டதையடுத்து 2016 இல் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

உண்ணும் அளவு

ஒருவரும் 100 கிராமாக எடைபோட்டு உண்பதில்லை. ஒரு துண்டு ரொட்டி 25 முதல் 30 கிராம் இருக்கும். அதாவது 65 முதல் 80 கிலோகலோரி. மாவுக்கரைசலில் பொரித்த கோழியின் ஒரு கீழ்க்கால் (எலும்பு நீங்கலாக 72 கிராம்) சுமார் 193, ஒரு தொடை (86 கிராம்) சுமார் 238, அரை நெஞ்சு (140 கிராம்) சுமார் 364 கிலோகலோரி தரும். இறக்கையில் இறைச்சி குறைந்து தோல் மிகுவதால் 100 கிராமுக்கு 324 கிலோகலோரி என இவற்றுள் அதுவே உச்சம். எடைக்கு எடை சமமாயிருந்த ஆற்றல், தட்டில் வரும்போது கோழியின் பக்கம் சாய்வது இதனால்தான். ரொட்டியில் வெண்ணெயும் பழப்பாகும் தடவினால் அதன் கணக்கும் மாறும்.

தமிழக உணவகங்களின் சிக்கன் 65 க்கு மேற்கண்ட எண்களை அப்படியே பொருத்தலாகாது. அது பெரும்பாலும் தோல் நீக்கிய, எலும்பில்லாத சிறு துண்டுகளால் செய்யப்படுகிறது. தோல் இல்லாததால் கோழியின் சொந்தக் கொழுப்பு குறைகிறது. ஆனால் துண்டு சிறிதாகச் சிறிதாக எடைக்கு ஏற்ற மேற்பரப்பு கூடி, ஒட்டும் மாவும் உறிஞ்சும் எண்ணெயும் மிகுகின்றன.