கொத்தமல்லி வைத்துப் பார்த்த வழக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் நோன்புக்கு முந்தித் தொடங்கிய பிரச்சினை இன்னும் முடியவில்லை. கடைசி வளவில் இருக்கும் லாத்தா வீட்டு விறாந்தையில் மா அரைக்கும் மெஷின் வைத்திருக்கிறார். இடியப்ப மா, மிளகாய்த்தூள், சரக்குத்தூள். புருஷன் மௌத்தாகி ஏழு வருஷம். மூன்று பிள்ளைகளில் இரண்டு எங்களிடம் படித்ததுகள். அந்த மெஷின்தான் அடுப்பை எரிய வைக்கிறது.

பக்கத்து வளவுக்காரர் சுவர் வெடிக்கிறது என்கிறார். மிளகாய் அரைக்கும் நாளில் வீட்டில் இருக்க முடியவில்லை என்கிறார். அதுவும் பொய்யில்லை, அவருடைய உம்மாவுக்கு இழுப்பு. ஒழுங்கை வாசலில் இருக்கும் முதல் வீட்டுக்காரர், ஆட்டோக்கள் வந்து போவது இடைஞ்சல் என்று கேட் போடக் குழியும் வெட்டிவிட்டார்.

பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். "மார்க்கத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு ஹதீஸ் சொன்னோம். அண்டை வீட்டாரின் உரிமை தெரியாதவர் அங்கே யாருமில்லை. ஆனால் மெஷினை நிறுத்தச் சொல்வதா, ஓட விடுவதா என்ற இடத்தில் எல்லோரும் மௌனமாகிவிட்டோம். கடைசியில் "மாஸ்டர்மார் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்" என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் துனிஸ் நகரம். ஹப்ஸிய்யாக்களின் ஆட்சிக் காலம். அங்கே இப்னுர் ராமி என்றொருவர் இருந்தார். 1334இல் வபாத்தானவர். ஆலிம் குடும்பம், பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் ஒரு மேசன் பாஸ். சுவர், கதவு, பீலி, ஒழுங்கை என்று அயலவர் வழக்கு வந்தால் காழி இவரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார். இவர் போய் அளந்து, தட்டிப் பார்த்து, வந்து அறிக்கை சொல்வார். அப்படிக் கண்டதையும், அதற்கு மாலிகி மத்ஹப் அறிஞர்கள் சொன்னதையும் சேர்த்துக் கட்டடங்களின் சட்டம் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். அவருக்கு முன்பே, 10ஆம் நூற்றாண்டில், அந்தலூஸின் துதேலாவைச் சேர்ந்த ஈஸா இப்னு மூஸா சுவர்களைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். சுவருக்கென்று ஒரு கிதாபு! எங்கள் ஊரில் அதற்கு இன்றைக்கும் நல்ல தேவை இருக்கும்.

இப்னுர் ராமி அயலவர் தொல்லைகளை வகை பிரிக்கிறார். புகை ஒன்று: ஹம்மாமின் அடுப்பு, ரொட்டிப் போறணை. நாற்றம் ஒன்று: தோல் பதனிடும் இடம். சத்தமும் அதிர்வும் இன்னொன்று: மிருகம் இழுத்துச் சுற்றும் மாவாலை. வாசித்தபோது எங்கள் ஒழுங்கையை யாரோ 700 வருஷத்துக்கு முந்திப் பார்த்துவிட்டு எழுதியது போலத்தான் இருந்தது.

அதிர்வுக்கு அவர் ஒரு சோதனை சொல்கிறார். ஒரு தாளின் நாலு மூலையிலும் நூல் கட்ட வேண்டும். நாலு நூலையும் மேலே ஒன்றாக முடிந்து, மாவாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரண்டையில் தொங்கவிட வேண்டும். தாளில் காய்ந்த கொத்தமல்லி விதைகளைப் போட வேண்டும். பிறகு மாவாலையை ஓட்டச் சொல்ல வேண்டும். விதை ஆடினால் மாவாலைக்காரர் நிறுத்த வேண்டும். ஆடாவிட்டால் வீட்டுக்காரர் முறைப்பாட்டை விட்டுவிட வேண்டும், அவருக்குத் தீங்கு இல்லை. அவ்வளவுதான். யாருடைய குரல் பெரிது, யாருடைய குடும்பம் பெரிது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இதைக் கேட்டதும் பக்கத்து வளவுக்காரருக்கு நல்ல சந்தோஷம். ஆனால் எங்கள் பாடசாலை மௌலவி சேர் தலையாட்டினார். "அது மாலிகி. நாம ஷாபிஈ" என்றார்.

அவர் காட்டியது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ். நவவி இமாம் 1277இல் வபாத்தானவர்கள். சுற்றிவர வீடுகள் உள்ள ஒருவர் தன் வீட்டை ஹம்மாமாகவோ தொழுவமாகவோ ஆக்கலாமா, துணிக்கடைகளுக்கு நடுவில் கொல்லன் பட்டறை வைக்கலாமா என்று அங்கே பேசப்படுகிறது. வைக்கலாம் என்பதே சரியான கருத்து என்கிறார்கள். நிபந்தனை ஒன்று: முன்னெச்சரிக்கை எடுத்து, சுவர்களை உறுதியாக்க வேண்டும். அதாவது தன் சொத்தில் ஒருவர் தொழில் செய்வதை இலேசில் தடுக்க முடியாது. ஆனால் காப்புச் செய்யும் பொறுப்பு தொழில் செய்பவர் தலையில்.

இப்போது சந்தோஷம் லாத்தா பக்கம் வந்தது. இரண்டும் நம் மார்க்க அறிஞர்கள் சொன்னதுதான், இரண்டும் ஒன்றல்ல. இதை ஒளிக்காமல் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. "இஸ்லாம் இப்படித்தான் சொல்கிறது" என்று பள்ளியில் மேசையில் அடித்துப் பேசியவர்கள் (எங்களில் ஒருவரும் அதில் சேர்த்தி) அன்றைக்குக் கொஞ்சம் அடங்கிப்போனோம்.

பிறகு உதுமானிய ஆட்சி 1869 முதல் 1876 வரை ஹனபி சட்டத்தைத் தொகுத்து மஜல்லா என்ற பெயரில் வெளியிட்டது. 1851 பிரிவுகள். அதிலும் மாவாலை வருகிறது, கொல்லன் பட்டறை வருகிறது, போறணைப் புகை வருகிறது. கட்டடத்தைப் பலவீனமாக்குவதும், வீட்டில் குடியிருக்கவே முடியாமல் செய்வதும் மிகைத்த தீங்கு, அதை நீக்க வேண்டும் என்கிறது. சின்னச் சின்ன அசௌகரியம் அந்தக் கணக்கில் வராது. பட்டறை முந்தியே இருந்து, பக்கத்தில் பிந்தி வந்து வீடு கட்டியவர் சத்தம் என்று சொல்லி அதை மூட வைக்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் விஷயத்தில் வீடு முந்தி, மெஷின் பிந்தி. ஆகவே அந்தக் கதவு லாத்தாவுக்கு மூடியிருக்கிறது.

இனி அந்தக் கேட்.

மக்கள் நடந்து போகும் பாதையில் தகராறு வந்தால் அகலம் ஏழு முழம் என்று வைக்கச் சொல்லும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கிட்டத்தட்ட பத்தரை அடி. எங்கள் ஒழுங்கையை நாடா பிடித்து அளந்தோம். சில இடத்தில் ஐந்தடிகூட இல்லை. ஆனால் எங்களுடையது முட்டு ஒழுங்கை, அந்தப் பக்கம் வழி கிடையாது. முட்டு ஒழுங்கைக்கு கிதாபுகளில் வேறு சட்டம். அது பொதுவழி அல்ல, அதில் வாசல் உள்ளவர்களின் கூட்டுச் சொத்து. மின்ஹாஜ் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. ஒவ்வொருவரின் பங்கும் ஒழுங்கை வாயிலிலிருந்து தன் வாசல் வரைக்கும்தான். அப்படிப் பார்த்தால் முதல் வீட்டுக்காரருக்கு அந்தச் சிறு துண்டில் மட்டும் பங்கு, அதுவும் மற்ற எல்லோரோடும் சேர்த்து. கடைசி வீட்டு லாத்தாவுக்கோ முழு நீளத்திலும் பங்கு. தன் வாசலை ஒழுங்கை வாயிலை நோக்கி நகர்த்தலாம், பழையதை மூடிவிட்டால். உள்ளே நகர்த்த மற்றவர்களின் சம்மதம் வேண்டும்.

இதை முதல் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னோம். "அது கிதாபு சேர். என்னட்ட உறுதி இருக்கு" என்றார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கிழக்குக் கரையில் நம் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஒரு வளவு நாலு சகோதரிகளுக்கு நாலாகப் பிரியும். அவர்களின் மகள்மாருக்கு மறுபடியும் பிரியும். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளின் வளவால் நடப்பாள். கிடுகு வேலியில் ஒரு கடப்பு, அவ்வளவுதான் பாதை. தங்கச்சி நடப்பதற்கு உறுதியில் எழுத வேண்டுமா என்ன? மருதமுனையில் கைத்தறி வீட்டுத் தொழிலாக வளர்ந்தது போல, இங்கேயும் விறாந்தையும் குசினியும்தான் தொழிற்சாலை. மூன்றாம் தலைமுறையில் ஒரு பங்கு வெளியாளுக்கு விற்கப்படும். உறுதியில் பாதை இல்லாதது அன்றைக்குத்தான் தெரியவரும்.

நாட்டுச் சட்டத்தில் இது ரோமன் டச்சுச் சட்டத்தின்கீழ் வரும் விஷயம். ஒல்லாந்தர் விட்டுப்போனதை ஆங்கிலேயர் 1799 பிரகடனத்தால் தொடர்ந்தார்கள். முஸ்லிம்களுக்கென 1806இல் வந்த சட்டக் கோவை திருமணம், வாரிசுரிமை சம்பந்தமானது. ஒழுங்கைக்கு அது உதவாது. 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பத்து வருஷம் தொடர்ந்து உரிமையாக நடந்தால் பாதை உரிமை கிடைக்கும். எல்லோரும் சொல்லும் "பத்து வருஷ ஆட்சி" இதுதான். ஆனால் அனுமதியின் பேரில் நடந்தது அந்தக் கணக்கில் சேராது. தங்கச்சி என்று விட்ட வழி, விட்ட வழியாகவே இருந்துவிடும். பாசத்தால் எழுதாமல் விட்டது, பிற்பாடு பேரப்பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்புகிறது.

இதையெல்லாம் கோட்டுக்குப் போகாமல் பேச 1958இல் இணக்கசபைகள் வந்தன. 1978இல் அவை நின்றன. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் பாடசாலைகளில்தான் கூடுவார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் கொத்தமல்லிச் சோதனையைச் செய்தே பார்த்தோம். பழைய மாதிரி வினாத்தாள் ஒன்று, தையல் நூல், லாத்தாவின் கடைச் சரக்கிலிருந்தே ஒரு பிடி கொத்தமல்லி. பக்கத்து வீட்டு அறையில் தொங்கவிட்டோம். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் யன்னலில். அரிசி போட்டு அரைத்தபோது விதை அசையவில்லை. வளவுக்காரரின் முகம் விழுந்துவிட்டது. மிளகாய் போட்டதும் ஆடத் தொடங்கியது. இரண்டு விதை கீழேயும் விழுந்தது.

கூட்டிவந்திருந்த மேசன் குனிந்து பார்த்துவிட்டு, மெஷினின் அடி எல்லைச் சுவரின் அத்திவாரத்தோடு சேர்த்துக் கொங்கிரீட் போடப்பட்டிருக்கிறது என்றார். மூன்று அடி தள்ளி, தனிப் படுக்கை போட்டு, கீழே றப்பர் வைத்தால் சுவருக்குப் போகாது என்றார். நவவி இமாம் சொன்ன காப்பு இதுதான் போலும். செலவு லாத்தாவுடையது. அவரிடம் காசு இல்லை. "மண்ணும் கல்லும் நான் தாறன், மிளகாய மட்டும் உம்மா தங்கச்சி வீட்ட போற நாள்ல அரைக்கச் சொல்லுங்க" என்றார் வளவுக்காரர். சீமெந்துக்கு இரண்டு பேர் பொறுப்பெடுத்திருக்கிறோம்.

கேட் விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போகிறது. எங்கள் பாடசாலையில்தான் அமர்வு. பாதையை எல்லா உறுதிகளிலும் எழுதிப் பதியச் சம்மதமா என்று மற்ற வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஐந்து வீட்டில் நாலு வீட்டார் சம்மதம். வெட்டிய குழி அப்படியே இருக்கிறது. இரவில் யாரும் விழுந்துவிடாமல் பிள்ளைகள் அதன்மேல் ஒரு தென்னோலை போட்டு வைத்திருக்கிறார்கள்.