வாய் கோணாமல் கட்டி அகற்றிய கதை

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் மூலையில் விரலை வைத்துப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இந்த இடந்தான். பாட்டிமார் தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிடுவதும் இதற்காகத்தான். உள்ளே இருப்பது செவியடிச் சுரப்பி. உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் மிகப் பெரியது இதுவே.

பொன்னுக்கு வீங்கி சில நாட்களில் வடிந்துவிடும், சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும். வடியாத வீக்கம் ஒன்று உண்டு. வலிக்காது; நெல்லிக்காய் அளவில் தொடங்கி, பல ஆண்டுகள் விட்டுவிட்டால் தேங்காய் அளவுக்கும் வளரும். செவியடிச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்று அல்லாதவை. பிறகு ஏன் இவ்வளவு பெரிதாக வளர விடுகிறார்கள்? வலி இல்லாதது ஒரு காரணம். கத்தி பட்டால் வாய் கோணிவிடும் என்ற அச்சம் மற்றொன்று. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள்.

முகத்தை அசைக்கும் நரம்பு, காதுக்குப் பின்னால் மண்டையோட்டைவிட்டு வெளிவந்து, இச்சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை அறுந்தால் கண் சரியாக மூடாது. வேறொன்று அறுந்தால் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். 1846-க்கு முன் மயக்க மருந்தும் இல்லை; துடிக்கும் நோயாளியிடம் மெல்லிய நரம்பைத் தேடுவது எப்படி? பிற்காலத்திலும் பலர் உறையைக் கீறி, நுங்கு நோண்டுவதுபோல் கட்டியை மட்டும் எடுத்தனர். நரம்பு தப்பியது. கட்டியின் துணுக்குகளும் தப்பின! சில ஆண்டுகளில் அவை சிறு சிறு முடிச்சுகளாய் மீண்டும் முளைத்தன.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன், 1867-இல் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை வெளியிட்டார். நரம்பைக் காக்கும் முறை அன்று உருவாகியிருக்கவில்லை. 1907-இல் இங்கிலாந்தில் கார்வர்டைன் அதற்கு வழி காட்டினார். 1940-களில் ஹாமில்டன் பெய்லி போன்றோர் அதைப் பரப்பினர்: முதலில் நரம்பைக் கண்டுபிடி, பிறகு சுரப்பியின் பகுதியோடு சேர்த்துக் கட்டியை எடு. விட்டுப்போன துணுக்குகளே மறுபடி வளர்கின்றன என்பதை 1958-இல் பேட்டியும் தாக்கரேயும் விளக்கினர்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இந்த முறை எவ்வளவு தொலைவில் இருந்தது? போடியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தோன்றியது. கூடலூர்க்காரருக்கு மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஏலத்தோட்டக் கூலியை விட்டுவிட்டு, வலிக்காத கட்டிக்காக யார் போவார்? இன்று தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க. விலக்கிலேயே இருக்கிறது. தள்ளிப்போடுவதில் ஆபத்தும் உண்டு: ஆண்டுகள் செல்லச் செல்ல, இக்கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு கூடுகிறது.

மிகப் பெரிய கட்டியில் நரம்பின் அடிமரம் கட்டிக்கு அடியில் மறைந்துவிடும். அப்போது மருத்துவர் கன்னத்தில் ஒரு கிளையைப் பிடித்து, ஓடையின் வழியே ஊற்றைத் தேடுவதுபோல் பின்னோக்கிச் செல்கிறார். புற்றல்லாத கட்டி நரம்பைத் தள்ளும், நீட்டும், பொதுவாகத் தின்னாது. அதனால் பிரித்தெடுக்க முடிகிறது. இழுபட்ட நரம்பு சில வாரங்களோ மாதங்களோ சோர்ந்து கிடந்து, பெரும்பாலும் தேறிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிலருக்குப் பின்னாளில் சாப்பிடும்போது அந்தக் கன்னம் வியர்க்கும். உமிழ்நீருக்கான நரம்பிழைகள் வழி தவறி வியர்வைச் சுரப்பிகளைச் சென்றடைவதே காரணம். போலந்து மருத்துவர் லூசியா ஃபிரே 1923-இல் இதை விளக்கினார்.