முன்னிடைச்சொல்

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நின்று, அப்பெயர் வாக்கியத்தின் பிற சொற்களோடு கொள்ளும் உறவைக் காட்டும் சொல். தமிழில் இப்பணியைப் பெயருக்குப் பின் வரும் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய காலம் முதலாக, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்போர் இவ்விரு முறைகளுக்கும் இடையே நடந்து வருகின்றனர். முன்னிடைச்சொல் வெறும் ஒட்டுச்சொல் அன்று. பொருளையே திருப்ப வல்லது. பந்தெறிதலைச் சொல்லும் ஆங்கில வாக்கியத்தில் 'டு' (to) வந்தால் எதிரே நிற்பவன் பிடிப்பதற்கு. 'அட்' (at) வந்தால் அவனைத் தாக்குவதற்கு. வினையும் பெயரும் மாறாமலே நோக்கம் மாறிவிடுகிறது. யாழ்ப்பாணப் பேச்சும் இந்த நுட்பம் அறிந்ததே: "அவருக்குக் காசு குடுத்தன்" என்றால் காசு அவருடையதாகிறது, "அவரிட்டைக் காசு குடுத்தன்" என்றால் அது அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம்.

முன்னிடைச்சொற்கள் வெறும் வழக்கு, மனனம் செய்வதே வழி என்பாருண்டு. சில தொடர்களுக்கு அது பொருந்தும். ஆனால் மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்' (on), மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' (in) என வருவதில், புள்ளியிலிருந்து பரப்புக்கும் கொள்கலத்துக்கும் விரியும் ஒழுங்கு தெரிகிறது. ஆறுமுக நாவலரின் 'இலக்கணச் சுருக்கம்' வேற்றுமையை உருபோடு பொருளையும் சேர்த்தே கற்பிக்கிறது. முன்னிடைச்சொல்லையும் அவ்வாறு பொருள்வழிக் கற்பதே தக்கது.