கூலியும் பேரும்: மலைநாட்டுத் தோட்டங்களில் ஆங்கிலச் சொற்பொருள்

சென்ற தவணையில் மாணவர்க்கு ஆங்கில அகராதியைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்துக் கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், கூலி என்பது சம்பளமா, ஆளா?" என்று வினவினான். அவன் முன்னிருந்த ஆங்கில அகராதி ஆள் என்றது. வீட்டிற் பேசும் தமிழ் சம்பளம் என்றது. இரண்டும் சரியே என்று அப்போதைக்குக் கூறி அவனை அமர்த்தினேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்பொழுது பொருள் மாறுவது இயல்பு. எவருடைய வசதிக்கேற்ப மாறுகின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதனை ஆராய்வதற்கு ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் மிகவும் ஏற்ற களமாகும். ஆங்கிலம் தமிழிடமும், தமிழ் ஆங்கிலத்திடமும் இங்கே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கடன் கொண்டு வந்துள்ளன.

மாணவன் கேட்ட சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். கூலி என்பது தமிழில் இழிவான சொல் அன்று. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே வள்ளுவர், மெய்வருந்த முயன்றவனுக்குக் கிடைக்கும் பயனை இச்சொல்லாலேயே குறிக்கின்றார். தெய்வத்தால் ஆகாததையும் தரவல்லது அது என்பது அவர் கருத்து. இச்சொல் ஐரோப்பியர் வாயில் ஊதியத்தை விட்டு ஊதியம் பெறுவோனைக் குறிக்கலாயிற்று. யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற சொற்களஞ்சியம் இதன் பிறப்பைப் பற்றி இரு கொள்கைகளைக் கூறும். ஒன்று தமிழ்க் கூலி. மற்றொன்று குசராத்திலுள்ள கோலி என்னும் இனத்தாரின் பெயர். இரண்டும் கலந்து ஒன்றை ஒன்று வலுப்படுத்தியிருத்தலுங் கூடும். மூலம் எதுவாயினும், தமிழர் நிறைந்த இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் இச்சொல்லை ஆளும்பொழுது, கேட்டவன் காதில் அவன் தாய்மொழிச் சொல்லே விழுந்தது. பொருள் மட்டும் அவனுடையதாக இருக்கவில்லை.

வழக்கிலிருந்த இப்பொருள் சட்டத்திலும் ஏறியது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி என்பதற்கு வரைவிலக்கணம் கூறுகையில், பொதுவழக்கில் இந்தியக் கூலிகள் என வழங்கப்படுவோராய், தோட்டப் பதிவேட்டிற் பெயர் பதியப்பெற்ற தொழிலாளரும் கங்காணிமாரும் என்று வகுத்தது. கடலுக்கப்பாலும் இதே நிலைதான். தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்கும் கூலி பாரிஸ்டர் என்ற பட்டமே கிடைத்தது. கூலி வாங்காதவரும் கூலியானார்! இன்று ஆங்கிலத்தில் இஃது ஒரு வசைச் சொல். தமிழிலோ இன்னும் உழைப்பின் விலை.

இனி, ஆங்கிலத்திலிருந்து தோட்டத் தமிழுக்கு வந்த சொற்களைக் காண்போம். அவற்றிற் பல, பயிர்த்தொழிலோடு சிறிதும் தொடர்பற்றவை. லயம் என்பது லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. படைவீரர் தங்கும் வரிசைக் குடியிருப்புகளையே ஆங்கிலேயர் இந்தியாவில் லைன் என்று வழங்கினர். காலையிலே தப்பு அடித்துத் தொழிலாளரைத் திரட்டும் பிரட்டு, பரேட் என்னும் படையணிவகுப்பின் திரிபாகும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் பெரட்டு என அது வழங்கியது. அதனையே துரைமார் மஸ்டர் என்றனர். அதுவும் படைகளைத் திரட்டிக் கணக்கெடுப்பதற்குரிய சொல். பெயர்ப் பட்டியலைக் குறிக்கும் ரோல் என்பதும் பாசறையில் நன்கு பழகியது; தோட்டத்தில் அது செக்ரோல் ஆயிற்று. தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டுதலைக் கவ்வாத்து என்கிறோம். கவாத்து என்றால் தமிழில் படைப்பயிற்சியையும் குறிக்கும் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1830களிலும் 1840களிலும் கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வாங்கியவர்களில் இராணுவ அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் பலர். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி படிப்படியாக அழிந்தபின், பயிர் மாறிற்று. பாசறைச் சொற்கள் மாறவில்லை.

லயம் என்ற சொல்லைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். வடமொழியில் லயம் ஒடுங்குமிடம். ஆலயம் என்பதில் அதனைக் காண்கிறோம். இசையில் அது காலப்பிரமாணம். தமிழில் லாயம் குதிரை கட்டுமிடம். ஆங்கில லைன் தமிழுக்கு வந்தபோது இவற்றுள் எதனோடு ஒலி ஒத்துப்போனது என்று துணிந்து கூற இயலாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்ததை நினைப்பின், ஆலயத்தைவிட லாயமே அருகில் நிற்கின்றது. அவ்வறைக்குக் காம்பரா என்று பெயர். அது போர்த்துக்கேயச் சொல். ஆக, லயக்காம்பரா என்ற ஒரே தொடரில் இலங்கையை ஆண்ட இரண்டு அந்நிய மொழிகள் குடியிருக்கின்றன.

என் ஆராய்ச்சிக்கு மையமான சொல்லுக்கு இப்பொழுது வருகிறேன். அது பேர். செக்ரோலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அன்றைய வேலை குறிக்கப்படும். நாளடைவில் அக்குறிப்பே பேர் எனப்பட்டது. முழுநாள் வேலை முழுப்பேர்; நேரம் பிந்தியோ, எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை குறைந்தோ போனால் அரைப்பேர். துரைமாரும் இதனை அவ்வாறே மொழிபெயர்த்து, தம் ஆங்கிலத்தில் "ஹாஃப் நேம்" என்று பேசினர். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஆங்கிலேயனுக்கு இத்தொடர் விளங்கியிராது. ஒரு மனிதனுக்குப் பாதிப் பெயர் எவ்வாறு இருக்கமுடியும்?

எனக்கும் ஒருகாலத்தில் அது விளங்கவில்லை. சிறுவயதில் ஒருநாள் மாலை என் தாயார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரப்பேருதான் போட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அன்று நல்ல மழை. அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னது இன்றும் நினைவிலிருக்கிறது. அம்மாவின் பெயரில் எந்தப் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று நான் நெடுநேரம் எண்ணிக் கொண்டிருந்தேன். முதலெழுத்துகளா, இறுதியெழுத்துகளா? கேட்பதற்கு வெட்கமாயிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, வெளிவாரிப் பட்டத்திற்குப் படிக்கும்போது சொற்பொருள் மாற்றம் என்னும் பாடத்தில் இதுபோன்ற உதாரணங்களைக் கண்டேன். ஆயின் நூலில் இருந்தவை இலத்தீன் உதாரணங்கள்.

பேருக்கு விலையும் சட்டத்தால் விதிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் வகுக்கப்பட்டன. எனவே ஒரு பெண்ணின் அரைப்பேர் 21 சதத்துக்குச் சற்று மேல். ஊதியத்தைக் குறித்த கூலி என்னுஞ் சொல் ஆங்கிலத்திலே மனிதனைக் குறிக்கலாயிற்று. மனிதனைக் குறித்த பேர் என்னுஞ் சொல் தோட்டத்திலே ஊதியத்தைக் குறிக்கலாயிற்று. எழுதுகோல் பிடித்தவன் பார்வையில் ஆளும் சம்பளமும் ஒரே பட்டியலின் இரு பத்திகளாக இருந்தமையே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பது என் துணிபு.

நிற்க. பட்டியலுக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்றவன் கங்காணி. கண்காணி என்பதன் திரிபு இது. திருமந்திரத்திலே திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். அவன் பார்வையிற் படாத இடமில்லை என்பது அங்குக் கருத்து. தோட்டத்துக் கங்காணியும் எங்கும் பார்வை செலுத்தியவன்தான்! ஆங்கிலம் இச்சொல்லைப் பொருள் கெடாமல் ஏற்றுக்கொண்டது. அதிகாரத்தைக் குறிக்கும் சொற்கள் பொதுவாகப் பழுதின்றியே பயணஞ் செய்கின்றன. துண்டு என்ற எளிய சொல்லுக்கு நேர்ந்ததோ வேறு. துண்டு என்பது ஒரு சிறு கடதாசி. ஒரு தோட்டத்துத் துரை, இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று எழுதிக் கொடுப்பார். வேறொரு துரை அத்தொகையைக் கட்டி அவர்களைத் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை மறுபடியும் கங்காணியின் கடனாகும். கங்காணியின் கடன் ஆட்களின் தலையில் விழும். இம்முறைக்கு ஆங்கில ஆவணங்களிலும் துண்டு என்றே பெயர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இஃது ஒழிக்கப்பட்டது. கழுத்தில் தொங்கவிடப்பட்ட தகர வில்லையான டின் டிக்கட்டும் இவ்வகைச் சொற்களுள் ஒன்று. பற்றுச்சீட்டு என்பது செந்தமிழில் பணம் பெற்றதற்கான சீட்டு. தோட்டத்தில் அதனைப் பத்துச்சீட்டு என்று சொல்லின், வேலையிலிருந்து விலக்கி வெளியேற்றும் சீட்டு என்பதே பொருள். சீட்டு, துண்டு, டிக்கட் எனக் கடதாசியும் தகரமும் தொழிலாளியை ஆண்ட காலத்தை இச்சொற்கள் காட்டுகின்றன. பீஜித் தீவுக்குச் சென்ற இந்தியர் அக்ரிமென்ட் என்ற ஒப்பந்தத்தைக் கிர்மிட் என்று திரித்து, அக்காலம் முழுவதற்கும் அதனையே பெயராக்கியதையும் இதனோடு ஒப்பிடலாம்.

துரைமாரின் கொச்சை வழக்கும் சுவையானது. பெரியதுரை, சின்னத்துரை என்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பின்னர் முதலெழுத்துகளை மட்டும் எடுத்து பி. டி., எஸ். டி. என்று சுருக்கினர். தோட்டத்து அத்தியட்சரைக் குறிக்க ஆங்கிலேயர் தமக்குள் வழங்கியது தமிழ்ச் சொல்லின் ஆங்கிலச் சுருக்கம்! வேலை பழகவந்த இளைஞனைக் கிரீப்பர் என்றனர். அது கொடியைக் குறிக்கும், ஊர்வதையும் குறிக்கும். இப்பரிகாசம் தமிழுக்கு வரவில்லை. லயத்திலிருந்து பார்ப்போர்க்குப் பழகவந்தவனும் துரையே. அவ்விளைஞர்க்காகத் தமிழ்க் கைநூல்களும் எழுதப்பட்டன. பெர்குசன் என்பவர் வெளியிட்ட சின்னத்துரையின் கைந்நூலுக்கு "இங்கே வா" என்று பெயர். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலுக்குக் "கூலித் தமிழ்" என்று பெயர். ஒன்றின் தலைப்பு ஏவல் ஒருமை. மற்றதன் தலைப்பு நாம் முன்னர்க் கண்ட சொல். வாருங்கள் என்னும் பன்மையைத் தமிழ் வைத்திருக்கின்றது என்பதை அந்தத் தலைப்பைப் பார்த்து எவரும் அறிந்துகொள்ள முடியாது.

இவ்வளவும் கசப்பான கொடுக்கல் வாங்கல்களே. நேர்மையான பரிமாற்றமும் உண்டு. அது கருவிகளிலும் தொழிற்சாலையிலும் நிகழ்ந்தது. மண்வெட்டி மம்மட்டியாகி, ஆங்கிலக் கணக்கேடுகளில் மமோட்டி என்று ஏறியது. அலவாங்கு போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து இலங்கை ஆங்கிலத்துக்குச் சென்றது. இவ்விரண்டும் இலங்கை ஆங்கிலத்தில் நிலைத்தமைக்குக் காரணம் எளிது: கருவியைக் கையிற் பிடித்தவனுடைய சொல்லே நின்றது. உருட்டும் இயந்திரத்திலிருந்து சலித்தெடுக்கும் நொறுங்கிய கொழுந்தைத் தொழில்நூல்கள் தூள் என்றே குறிப்பிடும். முதலாந் தூள், இரண்டாந் தூள் என்பன ஆங்கிலக் கலைச்சொற்கள். இச்சொல் இந்துஸ்தானிக்கும் உரியதாதலின் அவ்வழியாகவும் சென்றிருக்கலாம். மலையில் பறிக்காது விடும் இளங்கொழுந்துக்கு அரும்பு என்ற தமிழ்ப் பெயரே தேயிலைப் பயிராக்க நூல்களிலும் வழங்குகின்றது. தமிழோ, சந்தைக்குப் போகும் நுண்ணிய தேயிலைக்கு டஸ்ட் என்ற ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டது. தூளைக் கொடுத்து டஸ்டை வாங்கினோம் எனலாம். தேயிலை என்பதன் முற்பகுதியும் பீக்கோ என்னும் தரப்பெயரும் சீனத்திலிருந்து வந்தவை. அவற்றிற்கு நாமும் ஆங்கிலேயரும் சமமான கடனாளிகள்.

ஒரே சொல் தமிழருக்குள்ளேயே மயக்கம் விளைப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றம் பெற்று எங்கள் பகுதிக்கு வந்த ஆசிரியர் ஒருவர், மாணவியின் தாய் தவறணையில் வேலை செய்கிறார் என்று கேட்டுத் திடுக்கிட்டார். வடக்கே தவறணை கள்ளுக் கடை; இங்கே அது தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. முன்னது போர்த்துக்கேயத் தொடர்புடையது. பின்னதன் அருகில் தவான என்னும் சிங்களச் சொல் நிற்கின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களுக்குச் செய்த தொண்டைச் சொற்களுக்கும் செய்யவேண்டும் என்ற ஆசையினால், மாணவர் சிலரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, லயங்களிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். துண்டு என்றதும் மாணவர் அனைவரும் துவாயை நினைத்தனர். டின் டிக்கட்டை எவரும் அறியார். பேரை அறியாதவர் எவருமிலர்; 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்த பின்னரும், அரைப்பேர் என்ற சொல் வழக்கொழியவில்லை. அகராதி முறைப்படி, முதன்மையான பொருளை முன்னும் ஏனையவற்றைப் பின்னும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். கூலியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன், பேர் என்ற சொல்லுக்கு எதிரே எழுதியிருப்பது இது: "ஒரு நாள் வேலை. ஆளையும் குறிக்கும்."