மருத்துவக் கடன்: கடன் அறிக்கைப் பிழைதிருத்தம் (புதுச்சேரி)

அமெரிக்காவில் செலுத்தாத மருத்துவமனைக் கட்டணமே கடன் அறிக்கையில் ஏறலாம். இந்தியாவில் அப்படியில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கடன்களே சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளில் இடம்பெறுகின்றன.

1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மர் அரசு மருத்துவமனை, புதுச்சேரியைச் சுற்றுவட்டார ஏழைகளின் சிகிச்சை நகரமாக்கியது. தனியார் மருத்துவமனைக்குச் செல்பவரோ தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, மாதத் தவணை என்று ஏதேனும் ஒன்றில் கையெழுத்திட நேர்கிறது. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது: கடனை அடைத்த பிறகும் கடன் அறிக்கை பாக்கி காட்டும்; சிகிச்சை ரத்தானாலும் தவணை ஓடும். நோயிலிருந்து மீண்டவருக்கு இது இரண்டாவது தண்டனை.

2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் திருத்தம் கோரும் உரிமையைத் தருகிறது. ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். கடன் கொடுத்தவரிடமோ, கடன் தகவல் நிறுவனத்திடமோ முறையிடலாம். ஆனால் கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் பதிவு மாறாது. 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அடுத்த படி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், கட்டணமில்லை. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

மருத்துவமனை ரசீதையும் கடன் முடிப்புச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். முறையீட்டில் பேசுபவை அவைதான்.