ஆழ்புண் ஆற்றிய கைகள்

புண்ணின் வாய் மூடுவது வேறு. புண் ஆறுவது வேறு. மேலே தோல் மூடி, உள்ளே சீழ் தங்குமாயின் அது ஆறிய புண் ஆகாது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரே அதற்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கலாம் என்பதை 1867இல் ஜோசப் லிஸ்டர் எடுத்துரைத்தார். அதன்பின் கிருமிக்கொல்லி மருந்துகளின்மீது பெருநம்பிக்கை பிறந்தது. பிரான்சின் போர்க்களத்தில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. எருவிட்ட வயல்மண்ணும் கிழிந்த உடைத்துணியும் குண்டுச் சிதறலோடு தசைக்குள் ஆழப் புகுந்தன. காற்றுப் புகாத அவ்விடத்தில் கிருமிகள் பெருகித் தசை அழுகிற்று. கை கால்களை இழந்தோரும் உயிர் நீத்தோரும் பலர்.

மருந்து பயன்படாமற் போனது ஏன்? பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங் இதனை எளிய சோதனையால் விளக்கினார். கண்ணாடிக் குழாயொன்றை உருக்கி, முட்களைப் போன்ற பொந்துகள் அதில் அமையுமாறு செய்தார். அதுவே அவர் செய்த ‘புண்’. கிருமி கலந்த நீர்மத்தை அதில் நிரப்பிக் கொட்டினார். பின் மருந்தை நிரப்பிக் கொட்டினார். இறுதியில் தூய நீர்மத்தை ஊற்றி வைத்தார். கிருமிகள் மீண்டும் தழைத்தன. பொந்துகளில் தங்கியவற்றை மருந்து எட்டவில்லை.

எட்டாத இடத்தை எட்டச் செய்யும் முறையொன்றைக் கொம்பியேன் நகர மருத்துவமனையில் வகுத்தனர், அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலும் வேதியியலறிஞர் ஹென்றி டேக்கினும். முதலில் செத்த தசையை வெட்டி நீக்கினர். பின்னர், துளையிட்ட சிறு ரப்பர்க் குழாய்களைப் புண்ணின் மூலைமுடுக்கெல்லாம் செலுத்தினர். நூற்றுக்கு அரைப்பங்கு அளவே சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீரை இரண்டு மணிக்கொருமுறை, இரவும் பகலும் பாய்ச்சினர். புண்ணின் கசிவை நுண்ணோக்கியில் வைத்துக் கிருமிகளை எண்ணினர். எண்ணிக்கை நன்கு குறைந்த பின்னரே தைத்து மூடினர்.

இம்முறையின் சுமை தாதியர் தோளில் விழுந்தது. குழாய் அடைபடாமற் காத்தல், சுற்றுத்தோல் புண்ணாகாதவாறு வாஸ்லின் தோய்ந்த துணியிடுதல், நள்ளிரவிலும் வேளை தவறாமை ஆகியன யாவும் அவர்தம் பணியே. ஒருவேளை தவறினும் கிருமி தலைதூக்கும்.

பிற்காலத்தே பெனிசிலின் வந்தது, குழாய்முறை அருகிற்று. இன்று புண் கழுவப் பெரிதும் பயன்படுவது உப்புநீரே. ஆயினும், செத்த தசையை நீக்குதல், குழியை இறுக அடைக்காது தளர்வாகத் துணியிட்டு அடியிலிருந்து தசை வளரவிடுதல் ஆகிய நெறிகள் நிலைத்துள்ளன. கடுமையான மருந்தினும் ஆழம் அறிந்து பொறுமையுடன் கழுவும் கையே புண்ணை ஆற்றும் என்பது அப்போர் தந்த பாடம்.